மேட்சை நிறுத்தாதீங்க சார்!



நமக்கும் பக்கத்துப் பள்ளிக்கும் வருஷா வருஷம் நடக்கும் ஃபுட்பால் மேட்ச் அடுத்த வருஷம் கிடையாது என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. காரணம் எல்லோருக்கும் தெரியும். இந்தத் தடவை மேட்ச் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே தள்ளுமுள்ளு. யாரோ எறிந்த கல் ஒரு பையனின் புருவத்தில் பட்டு மூன்று தையல். "இப்படி ஒரு விளையாட்டு தேவையா?" என்று ஆசிரியர்கள் கேட்பதில் தப்பே இல்லை. ஆனாலும் மேட்சை நிறுத்தக் கூடாது என்பதுதான் என் கருத்து.

அதற்கு முன்னால் ஓர் உண்மையைச் சொல்லி விடுகிறேன். கல்லை நான் எறியவில்லை. ஆனால் அதற்கு முன்னால் எறிந்த சொல் என்னுடையது. அவர்களுடைய கோல்கீப்பரின் அம்மா எஸ்டேட்டில் வேலை செய்கிறார். அது தெரிந்துதான் "கொழுந்து எடுக்கப் போடா" என்று நான் கத்தினேன். பின்னால் நின்ற நாற்பது பேர் அதையே கோஷமாக்கி விட்டார்கள். அவன் கவனம் சிதறி ஒரு பந்தை விட்டான். நாம் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். நான் துள்ளிக் குதித்தேன்.

வீட்டுக்குப் போய் அப்பாயியிடம் பெருமையாகச் சொன்னேன். அப்பாயி இலங்கையில் அட்டன் பக்கத்தில் பிறந்தவர். 1964-ல் இரண்டு நாட்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, அங்கிருந்து நீலகிரிக்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. முட்டி தேயும் வரைக்கும் கூடை சுமந்தவர். நான் சொன்னதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டார்: "ஏண்டா, பந்தை ஜெயிக்க முடியலேன்னு ஆளை ஜெயிச்சியா?" அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படியானால் பி.டி. சார் கேட்கலாம், "நீயே தப்புன்னு ஒத்துக்கிட்டே, அப்புறம் எதுக்குடா மேட்ச்?" என்று. சொல்கிறேன் சார்.

சென்னையில் மாநிலக் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி என்று இரண்டு கல்லூரிகள். இரண்டுமே நூறு வருஷத்தைத் தாண்டியவை. சர் சி.வி. ராமன் படித்தது முதலாவதில், அறிஞர் அண்ணா படித்தது இரண்டாவதில். இந்த இரண்டுக்கும் நடுவில் பல வருஷமாகப் போட்டி. எதில்? படிப்பிலா, விளையாட்டிலா? இல்லை. பஸ் ரூட்டில், ரயிலில், "ரூட்டு தல" யார் என்பதில்! 2024 அக்டோபரில் சென்ட்ரல் ஸ்டேஷனில் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சில நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தே போனார். கைதானவர்கள் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள். இந்தப் போட்டிக்கு மைதானம் இல்லை, ரெஃபரி இல்லை, முடிவும் இல்லை.

இப்போது கடல் தாண்டிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரி, சென் ஜோன்ஸ் கல்லூரி. பேர்தான் கல்லூரி, இரண்டும் நம்மைப் போலப் பள்ளிக்கூடங்கள். இவை இரண்டும் 1904-ல் இருந்து கிரிக்கெட் ஆடுகின்றன. "வடக்கின் பெரும் சமர்" என்று அதற்குப் பெயர். கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் மத்திய கல்லூரி மைதானத்தில்தான் ஆட்டம். அந்த ஊரில் நிஜமான போரே நடந்தது. 1995-ல் ஊர் மொத்தமும் மூட்டை முடிச்சோடு வெளியேற வேண்டி வந்தது. போர்க்காலத்தில் சில வருஷங்கள் ஆட்டம் நடக்கவில்லை. ஆனால் மக்கள் திரும்பியபோது ஆட்டமும் திரும்பியது. இன்றைக்கும் அந்த வாரத்துக்காகவே பழைய மாணவர்கள் வெளிநாட்டில் இருந்து வருகிறார்கள். நிஜப் போரைப் பார்த்தவர்களே "சமர்" என்று பேர் வைத்த ஆட்டத்தை விடவில்லை என்றால், அதில் ஏதோ விஷயம் இருக்கத்தானே வேண்டும்?

லக்ரோஸ் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறிவார்கள். வட அமெரிக்கப் பழங்குடி மக்களுடையது. சண்டைக்குப் பதிலாக இதை ஆடியே சில தகராறுகளைத் தீர்த்துக் கொண்டார்களாம். அதனால் "போரின் தம்பி" என்றே அதற்குப் பேர் உண்டு. இப்போது அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், மேரிலாண்ட் என்ற இரண்டு பல்கலைக்கழகங்கள் இந்த ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் மோதியிருக்கின்றன. 2028 ஒலிம்பிக்கிலும் லக்ரோஸ் வருகிறது. சண்டையை ஆட்டமாக மாற்றியவன் பழங்குடி. ஆட்டத்தைச் சண்டையாக மாற்றியவர்கள் நாம்!

நான் சொல்ல வருவது இதுதான். மேட்சை நிறுத்தினால் போட்டி நிற்காது. அது மைதானத்தை விட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடும். மைதானத்தில் விசில் ஊத ஒருத்தர் இருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் யார் ஊதுவது?

அதனால் மேட்சை நடத்துங்கள். சில மாற்றங்களோடு நடத்துங்கள். ஒன்று, ரெஃபரி இரண்டு பள்ளிக்கும் சம்பந்தம் இல்லாதவராக இருக்கட்டும். இரண்டு, கோஷம் போடலாம், ஆனால் நம்ம டீமைப் பற்றி மட்டும். எதிர் டீமில் யார் வீட்டை இழுத்தாலும் மேட்ச் அந்த இடத்திலேயே நிற்கட்டும், கோல் கணக்கில் தோல்வி நமக்கே எழுதப்படட்டும். மூன்று, ஆட்டம் முடிந்ததும் இரண்டு டீமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீயும் வர்க்கியும் சாப்பிட்ட பிறகுதான் கேட் திறக்க வேண்டும். அந்த டீயில் இருக்கும் தூள் யாரோ ஒரு அம்மா எடுத்த கொழுந்து என்பது அப்போதாவது நமக்கு உறைக்கும்.

நண்பர்களே, அவர்கள் வராவிட்டால் நாம் யாரோடு ஆடுவோம்? மேடும் பள்ளமுமான கிரவுண்டு, பந்து போனால் தேயிலைச் செடிக்குள் தேட வேண்டும், மஞ்சு இறங்கினால் கோல் போஸ்ட்டே தெரியாது. அந்த மஞ்சுக்குள்ளும் பந்துக்காக எதிரில் ஓடி வருகிறவன் நம் எதிரி இல்லை. ஆட்டத்தில் பாதி அவனுடையது.

போன சனிக்கிழமை அருவங்காடு ஸ்டேஷன் பக்கம் அந்தக் கோல்கீப்பரைப் பார்த்தேன். போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் உடனே சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த வருஷம் வா, ஒரு பந்தும் உள்ளே விடமாட்டேன்" என்றான்.

சார், அவன் அதை நிரூபிக்க ஒரு சான்ஸ் கொடுங்கள். எனக்கும் ஒரு சான்ஸ் கொடுங்கள்.

இப்படிக்கு,
பதினொன்றாம் வகுப்பு மாணவன்