வானத்துக்கும் நாடி பார்க்கணும்!

'அமில மழை' என்று பேப்பரில் ஒரு செய்தி வந்தால் போதும், "நனைஞ்சா தோல் வெந்துடுமா டாக்டர்?" என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். வேகாது, பயப்படாதீர்கள். எலுமிச்சைச் சாற்றில் இருக்கும் புளிப்பு அளவுக்குக்கூட அந்த மழையில் அமிலம் கிடையாது. ஆனால், மழையைப் புளிக்கவைத்த அதே புகைதான் வெயில் நாளில் நம் மூச்சோடு உள்ளே போகிறது. ஆஸ்துமாக்காரர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து அங்கேதான்!

சித்த மருத்துவத்தில் 'நீர்க்குறி' என்று ஒன்று உண்டு. சிறுநீரின் நிறம், மணம், நுரையைப் பார்த்து உள்ளே என்ன கோளாறு என்று கணிப்போம். மழைநீரும் அப்படித்தான். அதைச் சோதித்தால் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சுத்தமான மழைக்கே பி.எச். அளவு 5.6 தான், கரியமில வாயு கரைவதால் வரும் லேசான புளிப்பு அது. அதற்கும் கீழே ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடிவிட்டது என்று அர்த்தம். சல்பேட் தூக்கலாக இருந்தால் பெரும்பாலும் நிலக்கரிப் புகை. நைட்ரேட் என்றால் வாகனப் புகைக்கும் அதில் பங்கு உண்டு. நம் ஊர்ப் புழுதியில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அமிலத்தை முறித்துவிடும் என்பதால், பி.எச்.சை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எல்லா உப்பையும் தனித்தனியாக அளக்க வேண்டும். அன்று காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்றும் பார்த்தால், எந்தப் பக்கத்துப் புகை என்பது பிடிபடும்.

ஒரு நாள் நாடி பார்த்தால் போதாதுங்க. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹப்பர்ட் புரூக் காட்டில் 1963 முதல் மழையைப் பிடித்துச் சோதிக்கிறார்கள். 1970-லும் 1990-லும் சட்டம் போட்டுப் புகையைக் கட்டுப்படுத்திய பிறகு, மழையில் சல்பேட் படிப்படியாகக் குறைந்ததைக் காட்டிக்கொடுத்தது அந்தக் கணக்குதான்.

நம் நாட்டிலும் வானிலைத் துறை கொடைக்கானல், விசாகப்பட்டினம், நாக்பூர் போன்ற இடங்களில் பல்லாண்டுகளாக மழைநீரைச் சோதித்து வந்திருக்கிறது. பல இடங்களில் பி.எச். இறங்கிக்கொண்டே வந்திருப்பதும் அதில் தெரிகிறது. நோய் தெரிந்துவிட்டது. மருந்து?

அனல் மின்நிலையங்களின் கந்தகப் புகைக்கு 2015-ல் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. கெடுவைத் தள்ளித் தள்ளி, கடைசியில் 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது ஒரு வாதம். குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எரிக்கிற அளவு குறைவா? நாடி பார்த்துவிட்டு மருந்து கொடுக்காத வைத்தியரிடம் நீங்கள் மறுபடி போவீர்களா?

இத்தனை மில்லிமீட்டர் மழை என்று தினமும் சொல்கிறார்களே, அதோடு அந்த மழையின் பி.எச்., சல்பேட் அளவையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லட்டும். மக்களுக்குக் கணக்கு தெரிந்தால் கேள்வி தானே வரும்.

அதுவரை வீட்டில் ஒன்று செய்யுங்கள். மாடியில் மழைநீர் பிடிப்பவர்கள், முதல் மழையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். காற்றின் அழுக்கையும் கூரையின் அழுக்கையும் கழுவிக்கொண்டு வருவது அதுதான்.