அம்பது வயசு வரைக்கும் யாருங்க காப்பாத்துறது?

ஒரகடத்துல ரெனோ, நிஸான்னு புது கார்கள் லாரி லாரியா கிளம்புது. அதே ரோட்டுல கிழக்கே போனா வண்டலூர். ஸ்டாண்டர்ட் 2000 கார் 1985ல வந்தது அந்தப் பக்கத்துல இருந்துதான். இன்னைக்கு அதைச் சரி பண்ண ஆசைப்பட்டா உதிரி பாகம் கிடைக்காது. லேத்ல கடைஞ்சுதான் எடுக்கணும். சரி, ஆசைப்பட்டவன் அழட்டும்.

ஆனா அரசாங்கம்? பழைய காரோட பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலுக்கு முன்னாடி 600 ரூபா. அப்புறம் 5,000. 2025 ஆகஸ்ட்ல இருந்து, 20 வயசு தாண்டின காருக்கு 10,000! 50 வயசானா மட்டும் 'விண்டேஜ்', மறுபதிவு 5,000 போதுமாம்.

அதுக்கு 2035 வரணும். அதுவரைக்கும் காயலான்கடைக்குப் போடாம வச்சிருக்கறவனுக்குத்தான் ரெண்டு மடங்கு தண்டம். புகைதான் பிரச்சினைன்னா ஓடற கிலோமீட்டருக்கு வரி போடுங்க சாமி, வயசுக்குப் போடாதீங்க!