ரொட்டி சுடுதலும் ஒரு பாடமே



ரொட்டி என்பது மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரரிடம் வாங்கும் பொருள் என்றே நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். அதனை வீட்டிலேயே சுட்டுப் பார்த்தல் நல்லதொரு பாடம் என்பது என் கருத்து.

கோதுமை மாவு 500 கிராம், ஈஸ்ட் 7 கிராம், வெதுவெதுப்பான நீர் 300 மில்லிலீட்டர், சிறிது உப்பு, சர்க்கரை ஆகியவை போதும். பத்து நிமிடம் பிசைந்து, ஈரத்துணியால் மூடி வைத்தால், நம் நாட்டு வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மாவு இருமடங்காகும். அதனைத் தகர அச்சில் இட்டு, மீண்டும் உப்பியபின், 200 பாகை வெப்பத்தில் அரை மணி நேரம் சுட வேண்டும். நான் முதன்முறை கொதிநீரை ஊற்றினேன். ஈஸ்ட் மாண்டது, ரொட்டி கல்லாயிற்று!

ஈஸ்ட் ஒரு நுண்ணுயிர். அது சர்க்கரையை உண்டு கரியமில வாயுவையும் மதுசாரத்தையும் வெளியிடுகிறது. வாயு மாவை உப்பச் செய்கிறது. மதுசாரம் சூட்டில் பெரும்பாலும் ஆவியாகிறது. கள்ளைப் புளிக்கச் செய்வதும் ஈஸ்ட்டே. அக்கள் நம் குடும்பங்களைச் சீரழித்தமையால், 1947ஆம் ஆண்டில் நம் அண்டை ஊராகிய பீடோங்கில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடினர்.

ஒரே ஆற்றல் குடியையும் கெடுக்கும்; பசியையும் தீர்க்கும். பயன்படுத்தும் அறிவே வேறுபாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் தந்தையரும் பிள்ளைகளோடு அமர்ந்து மாவு பிசைவார்களாக!