எழுத விஷயம் எங்கே இருக்கிறது?

இக்காலத்தில் தொழில் செய்பவர் கடையைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. முகநூலிலும் ஒரு கதவைத் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. முன்னாளில் கடைப் பெயர்ப் பலகையும் கல்யாண வீட்டுப் பேச்சும் செய்துவந்த வேலையை இன்று கைத்தொலைபேசி செய்கிறது. உத்தியோகம் தேடுவோரும் கொடுப்போரும் கூடுகின்ற லிங்க்ட்இன் 2003ஆம் ஆண்டிலும், முகநூல் 2004ஆம் ஆண்டிலும் தொடங்கியவை. இவற்றில் ஒரு பக்கம் திறப்பது சில நிமிட வேலை. திறந்த பின்னர் பிறப்பதுதான் சங்கடம்: ‘நாள்தோறும் எதை எழுதுவது?’

இந்தக் கேள்விக்கு விடை காணாதவர்கள் செய்வதை நாம் பார்த்துத்தான் வருகிறோம். முதல் வாரம் கடையின் படம் வரும். இரண்டாம் வாரம் ரோஜாப் பூவுடன் காலை வணக்கம் வரும். மூன்றாம் வாரம் வேறெங்கோ யாரோ செய்த பொருளின் படம், தம்முடையதைப் போல வந்து நிற்கும். நான்காம் வாரம் பக்கம் ஓய்ந்துவிடும்.

இவற்றுள் மூன்றாவது மிகவும் தீங்கானது. அழகான கேக் ஒன்றின் படத்தைக் கண்டு, பிள்ளையின் பிறந்தநாளுக்கென்று ஓடர் கொடுத்த வீட்டார், வந்து சேர்ந்த பண்டம் வேறாக இருப்பதைக் கண்டால் மறுமுறை அந்த வாசலை மிதிப்பார்களா? சிறிய ஊரில் ஒரு வீட்டின் மனத்தாங்கல் ஒரு தெரு முழுவதும் பரவிவிடும். வீட்டிலிருந்தபடியே தொழில் செய்து குடும்பத்தைத் தாங்கும் பெண்ணொருத்திக்கு நாணயம்தான் முதல். எழுத விஷயம் இல்லையென்று அந்த முதலையே செலவழிப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்!

உண்மையில் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. வாழைச்சேனை என்றவுடன் இலங்கைத் தமிழர் பலருக்கு நினைவு வருவது அவ்வூர்க் கடதாசி ஆலை. 1950களின் நடுப்பகுதியில் அரசாங்கம் நிறுவிய அந்த ஆலைக்கு, இலுக்குப் புல்லும் நெல் வைக்கோலும் மூலப்பொருள்களாகப் பயன்பட்டன. அறுவடை முடிந்த வயலில் மாட்டுக்குப் போட்டது போக மிஞ்சிக் கிடக்கும் வைக்கோலை யார் பொருட்படுத்துவார்? அதை வேகவைத்து, கூழாக்கி, பரப்பி, உலர்த்தியபோது அது எழுதும் தாளாயிற்று.

ஒவ்வொரு தொழிலிலும் இப்படியொரு வைக்கோற்போர் உண்டு. வாடிக்கையாளர் நாள்தோறும் கேட்கும் கேள்விகளே அது. ஒரே கேள்விக்கு நூறு முறை விடை சொல்லி அலுத்துப் போனவர், எழுத வேண்டிய விஷயம் அதுதான் என்பதை எண்ணுவதில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறார்.

அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில், வீடுகளுக்கு நீச்சற்குளம் அமைத்துக் கொடுக்கும் நிறுவனமொன்றின் பங்காளி மார்கஸ் ஷெரிடன். 2008ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அந்தத் தொழில் மூழ்கும் நிலையை அடைந்தது. வீட்டுக் கடனையே கட்ட முடியாதவர் நீச்சற்குளத்துக்கு எங்கே போவார்? அப்போது அவர், வாடிக்கையாளர் தம்மிடம் கேட்டுவந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து, நேர்மையான விடைகளை எழுதித் தம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் வெளியிடத் தொடங்கினார். ‘குளம் அமைக்க என்ன செலவாகும்?’ என்பது அவற்றுள் ஒன்று. வணிகர்கள் மழுப்பிவிடும் அக்கேள்விக்கு, செலவு கூடுவதும் குறைவதும் எவற்றால் என்று விளக்கமாக எழுதினார். விடை தேடியவர்கள் விடை சொன்னவரையே நாடி வந்தார்கள், நிறுவனம் பிழைத்தது. அந்த அனுபவத்தை 2017ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார்.

இந்த வழியை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். வாழைச்சேனையில் படகு இயந்திரம் பழுது பார்க்கும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ‘எங்களிடம் சிறந்த சேவை’ என்று எழுதினால் யாருக்கு என்ன பயன்? உப்புநீரில் ஓடிய இயந்திரத்தை நன்னீரால் கழுவாவிட்டால், உப்புப் படிந்து குளிர்நீர் செல்லும் வழியை அடைத்துவிடும் என்று எழுதட்டும். அடைப்பு ஏற்பட்ட பாகத்தின் படத்தையும் சேர்க்கட்டும். மறுநாள், எரிபொருளில் நீர் கலந்திருப்பதை எவ்வாறு அறிவது என்று எழுதலாம். எந்தச் சத்தம் வந்தால் தாமதியாமல் கரைக்குத் திரும்ப வேண்டும் என்பது இன்னொரு நாளைக்கு ஆகும். நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோனால் ஆபத்து எவ்வளவு என்பது மீனவர் குடும்பங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட எழுத்து ஓர் உயிரையே காப்பாற்றவும் கூடும்.

‘தொழில் இரகசியத்தையெல்லாம் சொல்லிவிட்டால் பிழைப்பு என்னாவது?’ என்று சிலர் அஞ்சுவர். இயந்திரத்தைக் கழுவக் கற்றுக்கொண்டவர் அதனால் இயந்திரம் திருத்துபவர் ஆகிவிடமாட்டார். பற்சக்கரம் உடையும் நாளில், தமக்குக் கற்றுக்கொடுத்தவரையே தேடி வருவார். அமெரிக்காவில் உழவுக் கருவிகள் செய்யும் ஜான் டீர் நிறுவனம், உழவுசால் என்று பொருள்படும் ‘தி ஃபரோ’ என்ற சஞ்சிகையை 1895ஆம் ஆண்டில் தொடங்கி, விவசாயத்துக்கு வேண்டிய விஷயங்களை உழவர்களுக்குச் சொல்லிவந்தது. அச்சஞ்சிகை நூற்றாண்டு கடந்தும் வெளிவருகிறது.

கேள்விகளுக்கு அடுத்தபடியாக விஷயம் தருவது செய்முறை. தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில் ‘உங்கள் மீனவன் மூக்கையூர்’ என்ற பெயரில் மீனவர் ஒருவர் யூடியூபில் காணொளிகள் வெளியிட்டு வருகிறார். வலை வீசுவதும், மீன் பிடிபடுவதும், கடலில் நாள் கழிவதும் அவருக்கு அன்றாட வேலை. கடலைக் கரையிலிருந்து மட்டும் பார்த்தவர்களுக்கு அவை புதுமை. நமக்குப் பழகிப்போன வேலை பிறருக்கு அதிசயமாயிருக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். தயிர் செய்பவர், எருமைப்பாலில் கொழுப்பு மிகுதியாக இருப்பதால் தயிர் கெட்டியாகிறது என்றும், மண்சட்டி நீரை உறிஞ்சிக்கொள்கிறது என்றும் காட்டலாம். தைப்பவர், பருத்தித் துணியை வெட்டுமுன் ஏன் நனைத்து உலர்த்த வேண்டும் என்று சொல்லலாம்.

மூன்றாவது, பருவம். பாசிக்குடாவில் விடுதி நடத்துபவர், ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருப்பதையும், வடகீழ்ப் பருவமழை வந்ததும் அது மாறுவதையும் முன்கூட்டியே எழுதினால், வரும் விருந்தினர் ஏமாற மாட்டார்கள். நான்காவது, பெரியோரின் அனுபவம். கச்சான் காற்று வீசும் காலத்தில் வாவியில் எப்படித் தொழில் செய்வது என்பது வயதான மீனவர்களின் நினைவில்தான் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் அதைக் கேட்டு எழுதிவைத்தால், பக்கத்துக்கு விஷயமும் ஆயிற்று. அந்த அறிவு அவர்களோடு மறைந்து போகாமலும் இருக்கும்.

மாணவ நேயர்கள், ‘எங்களுக்குத் தொழிலே இல்லையே, நாங்கள் லிங்க்ட்இன்னில் என்ன எழுதுவது?’ என்று கேட்கலாம். பெற்ற சான்றிதழின் படத்தைப் போட்டு, ‘பெருமையுடன் அறிவிக்கிறேன்’ என்று எழுதுவோர் ஆயிரம் பேர். அந்தப் பயிற்சியில் விளங்காமலிருந்த கணக்கு எது, அது எவ்வாறு விளங்கியது என்று பத்து வரி எழுதுவோர் சிலரே. வேலை கொடுப்பவர் அறிய விரும்புவது இந்தப் பத்து வரியைத்தான்.

ஒரு வரம்பும் உண்டு. மருத்துவமனையில் பணிபுரிபவருக்கு நோயாளியின் துன்பமும், ஆசிரியருக்கு மாணவனின் குறைந்த புள்ளிகளும் எழுதும் விஷயங்கள் ஆகா. பெயரை மறைத்தால் போதுமென்று எண்ணக்கூடாது. சிறிய ஊர், இரண்டு வரியில் ஆளை அடையாளம் கண்டுவிடும். பிறர் முகம் தெரியும் படத்துக்கு அவருடைய சம்மதம் வேண்டும். பிறர் எடுத்த படத்துக்கு எடுத்தவரின் அனுமதி வேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய முதலீடு தேவையில்லை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கொப்பி இருக்கட்டும். யார் எதைக் கேட்டாலும், கேட்ட வார்த்தைகளிலேயே அதில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை குடும்பத்துடன் அமர்ந்து அதைப் புரட்டிப் பாருங்கள். மூன்று பேர் கேட்ட கேள்வி எதுவோ, அதற்கு முதலில் விடை எழுதுங்கள். எழுதியதை வீட்டிலுள்ள பிள்ளை ஒன்றிடம் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைக்கு விளங்கினால், திங்கட்கிழமை காலையில் அதைப் பதிவிடத் தடையில்லை.