சிலிப்பர் கட்டை வந்த வழி

ஹரித்வார் போகும் நம் சங்கத்துக் குடும்பங்கள் கங்கையில் குளித்து, செம்பில் நீர் எடுத்துக்கொண்டு ரயிலேறி விடுகிறோம். ஒரு காலத்தில் ரயில் பாதைக்குக் கட்டை கொண்டுவந்து கொடுத்ததும் அதே ஆறுதான். நம் பிள்ளைகளுக்கு இதை யார் சொன்னோம்?

இருப்புப்பாதைப் பிரிவிலேயே காலம் தள்ளிய எனக்கும் இது தானாகத் தெரியவில்லை. 1980-களில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், யார்டில் கழற்றிப் போட்டிருந்த தேவதாருக் கட்டையின் முனையில் சுத்தியலால் அடித்த ஒரு குறியைப் பார்த்தேன். ரயில்வே முத்திரை என்று டயரியில் எழுதிக்கொண்டேன். கார்வால் மலைக்காரரான எங்கள் கேங் மேட் சிரித்தார். "பாபுஜி, அது ஆற்றில் விட்டவனுடைய அடையாளம்" என்றார். அவருடைய தகப்பனார் அந்த வேலை செய்தவராம்.

மலையிலேயே மரத்தை வெட்டி, அறுத்து, ஒன்பதடிக் கட்டையாக்கி ஓடையில் தள்ளுவார்கள். ஓடையில் நீர் போதாவிட்டால் அந்தக் கட்டைகளையே அடுக்கி வாய்க்கால் செய்து, தண்ணீர் விட்டு வழுக்கி இறக்குவார்கள். வெள்ளம் வடிந்தபின் பேராற்றில் விடுவது. பாறையில் சிக்கியதைக் காற்றடைத்த எருமைத்தோலில் குப்புறப் படுத்து, பனிமலை நீரில் கையால் துழாவிப் போய் விடுவிக்க வேண்டும். கீழே ஆற்றின் குறுக்கே கட்டிய மிதக்கும் தடுப்பில் எல்லாவற்றையும் பிடித்து, குறி பார்த்துப் பிரிப்பார்கள். சமவெளியில் தெப்பம்தான், மேற்கு யமுனைக் கால்வாயில் தெப்பங்கள் டெல்லி வரை வந்தன. பக்கிங்ஹாம் கால்வாயில் சென்னைக்கு விறகுப் படகு வந்ததைப் பார்த்த பெரியவர்களுக்கு இது வியப்பாக இராது.

1853-ல் பம்பாய்–தாணா ரயில் ஓடியபின் கட்டைக்குப் பெரும் தேவை வந்தது. பால்டிக் பைன் கூடக் கப்பலேறி வந்தது. பாகீரதிக் கரையில் ஹர்சிலில் குடியேறிய வில்சன் என்ற ஆங்கிலேயர் டெஹ்ரி அரசரிடம் காட்டைக் குத்தகை எடுத்து, மரத்தை ஆற்றில் விட்டே பெரும் பணக்காரரானார். காடு கரைந்த வேகம் 1864-ல் வனத்துறை தோன்றுவதற்கு ஒரு முக்கியக் காரணம்.

வில்சன் பெயர் நிற்கிறது. தோலில் மிதந்தவர்கள் ஒருவர் பெயரையும் நான் படித்த ரயில்வே வரலாறுகளில் காணவில்லை. எஞ்சினுக்கும் பாலத்துக்கும் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் இவர்களுக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை. இது சரியல்ல.

பழைய வழி திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இன்றைய முக்கியப் பாதைகளில் ஒரு கிலோமீட்டருக்கு 1,660 கட்டைகள். மரத்தில் என்றால் எந்தக் காடு தாங்கும்? காங்கிரீட் கட்டை வந்தது நல்லதே. சாலைகளும் அணைகளும் வந்து ஆற்று வேலையும் நின்றது. ஆனால் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று தள்ளாத வயதில் இருக்கிறார்கள். சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகத்தில், நீராவி எஞ்சின்களுக்கு அருகே, ஒரு தோல் மிதவைக்கும் குறிச்சுத்தியலுக்கும் அந்த முதியவர்களின் குரல் பதிவுக்கும் இடம் தர வேண்டும். நம் சங்கத்தின் பெயரில் ரயில்வே வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பலாம். நகல் எழுதித்தர நான் தயார். ஆங்கிலத்தை மட்டும் இளைஞர்கள் யாராவது திருத்திக் கொடுங்கள். டிப்ளமோக்காரன் ஆங்கிலம் அவ்வளவுதான்.