மேகத்தில் ஏறிய நம் சாதிச் சான்றிதழ்

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்த மாணவர்களின் பட்டியலை ஒரு கல்லூரி அலுவலகம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டது. பெயர், கைபேசி எண், வங்கிக் கணக்கு, சாதி எல்லாம் ஒரே எக்செல் தாளில். நாங்கள் போய்க் கேட்டோம். "தெரியாமல் நடந்துவிட்டது, அழித்துவிட்டோம்" என்றார்கள். கோப்பை அழித்தார்கள், சரி. பார்த்தவர்களின் மனதிலிருந்து அதை யார் அழிப்பது? அந்தப் பட்டியலில் இருந்த ஒரு மாணவி அடுத்த வாரமே விடுதியில் வேறு அறை கேட்டார்.

"சாதியைச் சொல்ல ஏன் வெட்கப்படுகிறீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. வெட்கம் நமக்கில்லை. யாரிடம், எப்போது சொல்வது என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும் என்கிறோம். சாதி தெரிந்ததும் வாடகை வீடு கைவிட்டுப் போவது நமக்குத்தானே? மாணவர்கள் ஒருவரையொருவர் நுழைவுத்தேர்வு ரேங்க் கேட்கக்கூடாது, அது சாதியைக் காட்டிக்கொடுக்கும் என்று ஐஐடி பம்பாயே 2023இல் வழிகாட்டுதல் வெளியிட வேண்டியிருந்தது.

சட்டம் என்ன செய்தது? 2018ஆம் ஆண்டு ஸ்ரீகிருஷ்ணா குழுவின் வரைவிலும் 2019 மசோதாவிலும், உடல்நலம், மதம் போன்றவற்றோடு 'சாதி அல்லது பழங்குடி' என்பதும் தனிப் பாதுகாப்பு தேவைப்படும் கூருணர்வுத் தகவலாக இருந்தது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. இன்று அந்தச் சட்டத்தின் முன் உங்கள் சாதியும் உங்கள் செருப்பு அளவும் ஒன்றுதான்.

"எல்லாம் கிளவுடில் பத்திரமாக இருக்கிறது" என்பார்கள். கிளவுட் என்பது வானத்தில் மிதக்கும் மேகமல்ல தோழர்களே. சுவரும் பூட்டும் பேட்டரியும் உள்ள கட்டடம். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. 709 அரசு அமைப்புகள் முடங்கின. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த கிளவுடின் 858 டெராபைட் தரவு, வேறெங்கும் நகல் இல்லாததால் அழிந்தது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை ரான்சம்வேர் தாக்கியபோது பல நாட்கள் காகிதத்தில் எழுதித்தான் மருத்துவம் பார்த்தார்கள். காசுள்ளவர் வேறு மருத்துவமனைக்குப் போய்விடலாம். அரசு மருத்துவமனையை விட்டால் வழியில்லாதவர் எங்கே போவார்?

தரவு கசிந்தால் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று 2023 சட்டம் முழங்குகிறது. அந்தப் பணம் இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய் இல்லை. இழப்பீடு கேட்க வழிவைத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இதே சட்டம் நீக்குகிறது. பொய்ப் புகார் என்று வாரியம் முடிவு செய்தால் நமக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். வாரியத்தை நியமிப்பது ஒன்றிய அரசு. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் சொல்லித் தன் அமைப்புகளுக்கு முழு விலக்கு கொடுத்துக்கொள்வதும் அதே அரசு.

இன்னும் கேளுங்கள். 2025 நவம்பரில் விதிகள் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தும் ஷரத்து உடனே அமலுக்கு வந்தது. தனிநபர் தகவல் என்றாலே மறுத்துவிடலாம் என்கிறது திருத்தம். பொதுநலன் கருதித் தர 8(2) இருக்கிறதே என்கிறார்கள். அந்தப் பொதுநலனை நிரூபிக்க மேல்முறையீடு மேல்முறையீடாக அலைய வேண்டியது நாம். உதவித்தொகை யாருக்குப் போனது, வன்கொடுமை வழக்கில் நிவாரணம் எவர் கைக்குச் சேர்ந்தது என்று இந்தச் சட்டத்தை வைத்துத்தான் கேட்டு வந்தோம். இனி நம் வீடு அவர்களுக்குக் கண்ணாடி; அவர்கள் அலுவலகம் நமக்கு இரும்புக் கதவு.

நாம் கேட்பது இவைதான். சாதித் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும். கசிவால் பாதிக்கப்பட்டவருக்கு நேரடி இழப்பீடு வேண்டும். அரசிடமிருந்து தனித்து நிற்கும் வாரியம் வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் பழைய 8(1)(ஜெ) திரும்ப வேண்டும். உங்கள் கல்லூரியிலிருந்தே தொடங்குங்கள். நம் சாதிச் சான்றிதழை யார் வாங்குகிறார்கள், எங்கே சேமிக்கிறார்கள், யாரெல்லாம் திறந்து பார்க்கலாம் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.