கணனி மூலை: கேளாமல் வந்து குந்தியிருப்பவை

புது மடிக்கணனி ஒன்றை வாங்கிவந்து திறந்தால், நாங்கள் கேட்காத பல சாமான்கள் அதற்குள் ஏற்கெனவே குந்தியிருக்கும். முப்பது நாள் இலவச வைரஸ் தடுப்பான், விளையாட்டுகள், கடை விளம்பரங்கள் என்று பலதும். மென்பொருள் கம்பனிகள் கணனிக் கம்பனிகளுக்குப் பணம் கொடுத்து இவற்றைப் போடுவிக்கின்றன. கணனி விற்பதில் இலாபம் சொற்பம் என்பதால் அவர்களுக்கு இது ஒரு மேல்வரும்படி.

கணனியின் வேகத்தைக் குறைப்பதோடு போனால் பொறுத்துக்கொள்ளலாம். 2014 இன் பிற்பகுதியில் லெனோவோ நிறுவனம் சில மடிக்கணனிகளில் 'சுப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர மென்பொருளைப் போட்டு விற்றது. நாங்கள் வங்கியின் பக்கத்துக்குப் போகும்போது, அது உண்மையான வங்கிதானா என்று கணனி ஓர் அத்தாட்சியைப் பார்த்தே நம்புகிறது. சுப்பர்ஃபிஷ் தன் சொந்த அத்தாட்சியை இடையில் செருகிவிட்டது. ஊரில் விதானையாரின் முத்திரைக்குக் கள்ள அச்சு வெட்டி வைத்திருப்பதைப் போன்றது இது. அதிலும் எல்லாக் கணனிகளுக்கும் ஒரே அச்சு! 2015 பெப்ரவரியில் விடயம் வெளிவந்தபோது, மென்பொருளை அகற்றினாலும் அந்த அத்தாட்சி உள்ளேயே தங்கிவிடுவது தெரியவந்தது. பிறகுதான் இரண்டையும் சேர்த்து அகற்ற லெனோவோ ஒரு கருவி கொடுத்தது. இங்கும் வழக்குப் போடப்பட்டது. தனியுரிமை மீறல் என்ற முறைப்பாடு தொடரலாம் என்று 2017 இல் ஒன்ராறியோ உயர் நீதிமன்றம் கூறியது.

இனி அகற்றும் வழி. விண்டோஸ் 11 என்றால் 'செற்றிங்ஸ்', அதில் 'அப்ஸ்', அதற்குள் 'இன்ஸ்ரோல்ட் அப்ஸ்'. வேண்டாததின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியை அழுத்தி 'அன்இன்ஸ்ரோல்' கொடுங்கள். இலவசத் தவணை வைரஸ் தடுப்பானை எடுத்தால் கணனி வெறுமனே கிடக்கும் என்று பயப்படத் தேவையில்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாகவே வேலையைத் தொடங்கும், அதற்குக் காசும் இல்லை. மக்கஃபி போன்றவை முழுதாகப் போகாமல் அடம்பிடித்தால் அந்தந்தக் கம்பனியே தரும் அகற்றும் கருவியைப் பாவியுங்கள்.

கண்டதையெல்லாம் அழித்துவிடவும் கூடாது. இன்டெல், ரியல்ரெக், விஷுவல் சி என்ற பெயர்களில் இருப்பவற்றைத் தொடாதீர்கள். சத்தமும் படமும் இன்ரர்நெற்றும் அவற்றை நம்பியே இருக்கின்றன. பெயர் விளங்காவிட்டால் விட்டுவிடுங்கள், அது இருந்து தின்னப்போவதில்லை.

இங்கு வந்து முதன்முதலாக எடுத்த கிரெடிற் காட்டின் இலக்கத்தை இலவசத் தவணைக்கென்று கொடுத்திருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. மென்பொருளை அழித்தாலும் சந்தா நிற்காது. அந்தக் கம்பனியின் பக்கத்தில் உங்கள் கணக்குக்குள் போய்த் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் ஒரு வருடத்துக்கான பணத்தை ஒரேயடியாக எடுத்துவிடுவார்கள்.

வீட்டில் அம்மா, அப்பா கணனி பாவித்தால் இதையும் சொல்லிவையுங்கள்: 'உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது' என்று தொலைபேசி இலக்கத்துடன் திரையில் வந்தால் அந்த இலக்கத்துக்கு அழைக்கக்கூடாது. மைக்ரோசொவ்ற்றின் எச்சரிக்கைகளில் தொலைபேசி இலக்கம் வருவதேயில்லை.

தனியாகச் செய்யத் தயக்கமென்றால், ரொறன்ரோ பொது நூலகம் இலவசக் கணனி வகுப்புகள் நடத்துகிறது. அருகிலுள்ள கிளையில் விசாரியுங்கள்.